வெள்ளம் தொட்ட புகைப்படங்களும் நம் கடமையும்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்பது வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் காலம். மலருக்கென்று பழைய படங்களைத் தேடத் தொடங்கியதும் டிரங்குப் பெட்டிகளும் அலமாரிகளின் அடித்தட்டுகளும் திறக்கப்படுகின்றன. முதல் நன்மை வாங்கிய நாளின் படம், திருமணப் படம், மாதா தேர்ப்பவனியின் படம் என்று ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. இவையெல்லாம் ஒரு நாள் தண்ணீரில் மூழ்கிவிட்டால் நாம் என்ன செய்வோம்? இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

குடும்ப அட்டை தொலைந்தால் மனுக் கொடுத்து மறுபடி பெறலாம். பட்டாவுக்கு நகல் உண்டு. கோயில் பதிவேட்டைப் பார்த்து ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதி வாங்கலாம். ஆனால் தாத்தாவின் ஒரே படம் போய்விட்டால் எந்த அலுவலகத்தில் மனுப் போடுவது? இறந்தவரைப் பெட்டியில் கிடத்தி, உற்றார் சூழ நின்று எடுத்த படம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அந்த முகத்துக்கு அதைத் தவிர வேறு சாட்சியே இல்லாத குடும்பங்களும் உண்டு.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போயிற்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. தண்ணீர் வடிந்த தெருக்களில் மெத்தைகளோடும் பாடப்புத்தகங்களோடும் குடும்ப ஆல்பங்களும் குப்பை வண்டி ஏறின. உயிர் காப்பதும், சோறும் துணியும் தருவதும் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுத்த கடமை ஒன்று உண்டு என்பதை ஜப்பானிய மக்கள் உலகுக்குக் காட்டியுள்ளார்கள்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் தாக்கின. 18,000 பேருக்கு மேல் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். இடிபாடுகளில் உடல்களைத் தேடிய வீரர்களும் தீயணைப்புப் படையினரும், சேற்றில் கிடந்த படங்களையும் ஆல்பங்களையும் எடுத்துத் தனியே வைத்தார்கள். யாரோ ஒருவர் தேடி வருவார் என்ற நம்பிக்கைதான் காரணம். மியாகி மாநிலத்தின் யமமோட்டோ என்னும் சிற்றூரில் மட்டும் அவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 7,50,000 படங்கள். தொண்டர்கள் அவற்றைக் கழுவி, எண்ணிட்டு, படியெடுத்து, உரியவர் தேடி எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

வடக்கே ஒஃபுனாட்டோ நகரில், 'ஆல் ஹேண்ட்ஸ் வாலண்டியர்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்தோடு இடிபாடு அகற்றப் போனவர்களில் பெக்கி மேன்சன் என்ற பெண்மணியும் ஒருவர். படங்களைச் செப்பனிடுவதே அவருடைய தொழில். நிவாரண முகாமில் சேர்ந்து கிடந்த படங்களைக் கண்ட அவர், தம் தொழில் நண்பர்களுக்கு முகநூல் வழியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். உதவி குவிந்தது. உள்ளூர்ப் பெண்கள் உட்படப் பலர் உட்கார்ந்து கையால் கழுவிய படங்கள் 1,35,000-க்கு மேல். உலகெங்கும் 500-க்கு மேற்பட்ட தொண்டர்கள் தத்தம் வீட்டுக் கணினியில் செப்பனிட்டதால், 90 குடும்பங்கள் தங்கள் படங்களைப் புதிதாகப் பெற்றன. இதற்கெல்லாம் ஆன பொருட்செலவு ஏறத்தாழ 1,000 டாலர்தான்; அதிலும் பெரும்பகுதி அச்சு மைக்குப் போயிற்று. பெரும் பணம் இல்லாமலே பெரும் பணி செய்யலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தண்ணீர் பட்ட படம் ஏன் கெடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். ஸ்டூடியோவில் கழுவிப் போட்ட படத்தில் உருவம் நேரே தாளின்மேல் இல்லை. மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் என்னும் மெல்லிய பூச்சில் இருக்கிறது. தண்ணீரில் அது ஊறி உப்புகிறது. நுண்கிருமிகளுக்கும் பூஞ்சணத்துக்கும் நல்ல உணவாகிவிடுகிறது. வண்ணப் படத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே நீலப்பச்சை, நடுவே கருஞ்சிவப்பு, அடியில் மஞ்சள். மேலடுக்குப் போனால் படம் சிவக்கும்; அடுத்ததும் போனால் மஞ்சளாகும்; கடைசியில் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டே நாளில் பூஞ்சணம் தொடங்கிவிடும். ஆகவே, "எல்லாம் அடங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றிருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இராது.

செய்முறை எளிது. அகன்ற பேசின்கள் இரண்டில் குளிர்ந்த நல்ல தண்ணீர் வேண்டும். ஆல்பத்திலிருந்து படத்தை மெல்ல விடுவித்து, ஓரத்தைப் பிடித்து, முதல் பேசினில் சேறு போக அலசி, அடுத்ததில் மறுபடி அலச வேண்டும். முகப்பைத் தேய்க்கலாகாது. கடல்நீர் பட்டதானால் உப்புப் போகும்வரை அலச வேண்டும். பிறகு துணி கிளிப் போட்டு நிழலில் கொடியில் தொங்கவிடலாம். அல்லது முகம் மேலாக மை ஒற்றும் தாளில் பரப்பலாம். வெயில் ஆகாது. ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பிய்க்காமல், தாமே விடும்வரை நீரில் ஊற விடுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டி உலர்ந்த படத்தைக் கண்ணாடியோடே வைத்து, அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த படங்களும், கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களும் தண்ணீரில் சாயம் விடக்கூடும். அவற்றை நீரில் போடாமல் காற்றில் உலர்த்துவதே நலம். உடனே கழுவ நேரமில்லையா? இடையிடையே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டி, ஃப்ரீசரில் வைத்தால் கெடுதல் நின்றுவிடும்.

ஆனால் கழுவுவதைவிடக் கடினமானது ஒழுங்குபடுத்துவது. பேரிடர் வந்தபின் தொண்டர்களைத் தேடுவதைவிட, வருமுன்னே நம் பங்கில் ஒரு சிறு குழுவை நாம் அமைத்துவிடலாம். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டுமல்லவா?

வாங்கும் மேசையில் பொறுப்பான ஒருவர் இருந்து, யாருடையது, எங்கே கிடைத்தது, எத்தனை படங்கள் என்று நோட்டில் எழுதி எண் கொடுக்கட்டும். அந்த எண் படத்தை விட்டு ஒருபோதும் பிரியலாகாது. கழுவும் மேசைக்குப் பொறுமையுள்ள கைகள் வேண்டும்; நம் மாதர் சங்கத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. படியெடுக்கும் மேசைக்கு இளைஞர்கள் வரட்டும். ஸ்கேனர் இருந்தால் நல்லது, இல்லையேல் நல்ல வெளிச்சத்தில் நேராகப் பிடித்த கைபேசியும் போதும். உரியவர் தெரியாத படங்களுக்கு முதியோர்களே துணை. இந்தப் பிள்ளை யார் மகன், அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்ல அவர்களைவிட யாரால் முடியும்? வெளி வேலைக்குப் போக இயலாத மூதாட்டியும் இங்கே தலைசிறந்த தொண்டராகலாம்.

மூன்று விதிகளை மட்டும் நாம் மீறலாகாது. முதலாவது, மூலப்படம் வீட்டாரின் உடைமை. அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலுக்குப்பின் தோன்றிய 'ஆபரேஷன் போட்டோ ரெஸ்க்யூ' என்ற தொண்டர் அமைப்பு, படங்களை அந்தந்த ஊரிலேயே கேமராவில் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே வீட்டாரிடம் திருப்பித் தந்தது. செப்பனிட்ட படம் பின்னர் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. நாமும் அவ்வாறே செய்வோம்.

இரண்டாவது, பிறர் வீட்டுத் துக்கமும் மகிழ்ச்சியும் அந்தப் படங்களில் உள்ளன. அவற்றை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது தகாது. பங்கு மண்டபத்தில் பரப்பி வைப்போம். தேடுவோர் அமைதியாக வந்து பார்க்கட்டும். மாண்ட பிள்ளையின் படத்தைக் கண்டெடுக்கும் தாய்க்கு அருகில் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கட்டும், கேள்விகள் வேண்டாம்.

மூன்றாவது, இல்லாத முகத்தை உண்டாக்கலாகாது. கிழிசலை ஒட்டலாம், கறையை நீக்கலாம், சேலையின் கரையையும் சுவரின் நிறத்தையும் நிரப்பலாம். கண்ணும் வாயும் அழிந்திருந்தாலோ, அதே ஆளின் வேறு படம் கிடைத்தாலன்றித் தொட வேண்டாம். இன்று கணினியே ஒரு முகத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது நம் தாத்தாவின் முகமன்று. பேரப்பிள்ளைகள் அந்நியர் ஒருவரைத் தாத்தாவென்று நம்பி வளர்வதைவிட, பாதி அழிந்த உண்மை முகமே மேல். யமமோட்டோவில் உருவமே தெரியாமல் சிதைந்த படங்களையும் எறிந்துவிடவில்லை. அவை தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் கண்காட்சியாக வைக்கப்பட்டன. கண்டவர்கள் அந்த மக்களை நினைத்துக்கொண்டார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே! இவ்வாரமே செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லி நிறைவு செய்வோம். வீட்டிலுள்ள முக்கியமான பத்துப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். படியெடுத்து, வேற்றூரில் உள்ள உறவினரிடம் ஒரு படியைக் கொடுத்து வையுங்கள். கைபேசியில் இருப்பது மட்டும் போதாது. வெள்ளத்துக்குக் கைபேசியும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். மூலங்களைத் தரைத்தட்டில் வைக்காமல் பரணுக்கு ஏற்றுங்கள். பின்னர் நம் குழுவுக்குப் பெயர் கொடுங்கள்.

அடுத்த யூபிலி மலருக்குப் படம் கேட்டு வருகிறவர்களுக்கு, "வெள்ளத்தில் போய்விட்டது" என்று நம் பிள்ளைகள் கைவிரிக்காதிருக்க இன்றே ஆவன செய்வோம்.