கடலில்லாத ஊரின் கடற்படைக்காரர்கள்

ஆம்பூரிலிருந்து ஓர் அன்பர் எழுதிக் கேட்ட கேள்வியே இன்றைய பேச்சுக்குக் காரணம். அவருடைய பாட்டனார் இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடற்படையில் இருந்தவர் என்று அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்களாம். பாலாற்றங்கரையில் பிறந்து, தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்து வளர்ந்த மனிதருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம், பட்டாளத்தில் இருந்ததைத்தான் கிழவர் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று உறவினர்கள் அதைத் தள்ளிவிடுகிறார்களாம். உண்மையை நிலைநாட்ட லண்டனுக்கு எழுத வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

உறவினர்களின் சந்தேகம் எங்கிருந்து பிறந்தது என்பது விளங்காமல் இல்லை. வேலூர்ப் பக்கத்தில் யுத்தம் என்றாலே தரைப்படைதான் நினைவுக்கு வரும். லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்த கல்வெட்டு, முதல் உலக யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்று கூறுகிறது. கம்மவான்பேட்டையையோ ராணுவ கிராமம் என்றே அழைக்கிறார்கள். ஆயினும் கடற்படையில் சேரக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் சரித்திரத்தோடு பொருந்துவதன்று. 1934-இல் ராயல் இந்தியக் கடற்படை என்று பெயர் பெற்ற அந்த ஸ்தாபனத்திடம் 1939-இல் யுத்தம் மூண்டபோது இருந்தவை எட்டுப் போர்க்கப்பல்களே. ஆட்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. யுத்தம் முடிவதற்குள் அந்தத் தொகை 25,000-ஐத் தாண்டிவிட்டது. கடலையே காணாத பஞ்சாபிலிருந்து அதில் பெருந்தொகையினர் சேர்ந்தார்கள் என்றால், ஜோலார்பேட்டை மார்க்கமாக ரயிலேறிய ஆம்பூர் இளைஞர் சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. கொதிகலன் அறையில் கரியும் எண்ணெயும் கவனிக்க ஸ்டோக்கர், தந்திச் செய்தி அனுப்ப நாலெழுத்துப் படித்தவன், சமையற்காரன், மருத்துவ உதவியாளன் என்று ஒரு கப்பலுக்கு வேண்டிய தொழில்கள் பல. அவற்றில் நீந்தத் தெரிவதைவிடப் படிக்கவோ உழைக்கவோ தெரிவதே பிரதானமாக இருந்தது.

அந்தக் கடற்படை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த படையுமன்று. 1942 நவம்பர் 11-ஆம் தேதி, ஏறத்தாழ 650 டன் எடையே உள்ள 'பெங்கால்' என்ற சிறு கப்பல், 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்து மகாசமுத்திரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டு, அவற்றுள் ஒன்றான 'ஹோக்கோக்கு மாரு' மூழ்கும்வரை போரிட்டுத் தப்பியது. அதன் தளத்தில் நின்ற மாலுமிகளின் பேரப்பிள்ளைகள் இந்நாட்டின் எந்தெந்த ஊர்களில் தங்கள் பாட்டனாரின் கதையைப் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் வாழ்கிறார்களோ!

இனி ஆதாரங்களைத் தேடும் வழியைச் சொல்கிறேன். லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளில் பெரும்பாலும் அதிகாரிகளைப் பற்றிய குறிப்புகளே கிடைக்கும். சாதாரண மாலுமிகளின் சேவை ஏடுகள் இங்கேயே தங்கிவிட்டவை. ஆகையால் தேடலை வீட்டுப் பெட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். விடுவிப்புச் சான்றிதழ், சம்பளப் புத்தகம், பதக்கம் வந்த உறை, சீருடைப் புகைப்படம் ஆகியவற்றில் எதுவும் அற்பமன்று. புகைப்படத்தில் தொப்பி நாடாவில் 'எச்.எம்.ஐ.எஸ்.' என்ற எழுத்துகள் மட்டும் இருந்து கப்பலின் பெயர் இல்லையென்றால் ஏமாற வேண்டாம். பகைவருக்குத் தகவல் போய்விடக் கூடாது என்று யுத்த காலத்தில் கப்பல்களின் பெயர்களை நாடாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது மாலுமியின் சேவை எண். பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா தகப்பனார் பெயரை முன்னும் பின்னுமாக மாற்றியிருக்கலாம், ஊர்ப் பெயரைச் சிதைத்திருக்கலாம், எண்ணை மாற்றியிருக்க மாட்டான். எண் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு, வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலமாகவோ நேராகவோ, மும்பை மான்கூர்டில் இயங்கும் கடற்படை மாலுமிகள் பணியகத்துக்கு விண்ணப்பிக்கலாம். யுத்தத்தில் உயிர் துறந்தவர்களானால் காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டைக் கட்டணமின்றி யாரும் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கேள்வியை எழுதிய அன்பர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: பாட்டனார் 1946-இல் வீடு திரும்பினார், ஏன் திரும்பினார் என்பதை மட்டும் சாகும்வரை பேசவில்லை. அவர் விஷயத்தில் நடந்தது எதுவென்று நான் தீர்ப்புக் கூற முடியாது. இருந்தாலும் 1946 என்று கண்டவுடன் என் மனம் அவ்வாண்டு பிப்ரவரி மாதத்துக்குச் சென்றுவிடுகிறது.

பம்பாயில் 'தல்வார்' என்ற சமிக்ஞைப் பள்ளியில், உண்ணத் தகாத உணவும், வெள்ளை மாலுமிகளுக்கு ஒரு சம்பளமும் தங்களுக்கு ஒரு சம்பளமுமான பேதமும், கமாண்டர் கிங் என்ற அதிகாரியின் வசைமொழிகளும் சேர்ந்து நெஞ்சைக் கனலாக்கியிருந்தன. பி. சி. தத் என்ற தந்தி மாலுமி, பர்மாப் போர்முனையைக் கண்டு திரும்பியவர், சுவர்களில் 'ஜெய் ஹிந்த்' என்றும் 'வெள்ளையனே வெளியேறு' என்றும் எழுதிப் பிடிபட்டார். பிப்ரவரி 18-ஆம் தேதி மாலுமிகள் உணவை மறுத்தனர். அடுத்த சில தினங்களில் 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் ஏறக்குறைய 20,000 மாலுமிகளும் அந்தக் கிளர்ச்சியில் கலந்தனர். எம். எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் மத்திய வேலைநிறுத்தக் கமிட்டி அமைந்தது. யூனியன் ஜாக் இறங்கிய கொடிமரங்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் மூன்றும் சேர்ந்து ஏறின. நாடு பிளவுபடுவதற்குப் பதினெட்டு மாதமே இருந்த வேளையில் நிகழ்ந்த அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் என் மனம் கலங்குகிறது. கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பலின் பீரங்கி முழங்கிற்று. நம் சென்னையில் 'அடையாறு' என்ற கரைத்தளத்து மாலுமிகளும் எழுந்தனர்.

வேலூர்க்காரர்களுக்கு இது அந்நியமான கதையன்று. 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆயுதமெடுத்தபோது, நெற்றிக்குறியும் கடுக்கனும் தாடியும் கூடாது என்ற உத்தரவுகளோடு, புதிய தலைப்பாகையில் குத்தச் சொன்ன தோல் சின்னமும் ஒரு காரணமாயிற்று. தோலைப் பதனிட்டு உலகுக்கு அனுப்பிய இந்தப் பிரதேசத்தில், ஒரு துண்டுத் தோலைத் தலையில் தாங்க மறுத்து மனிதர் மாண்டார்கள். அவர்களுக்கு வேலூரில் நினைவுத் தூண் எழுந்திருக்கிறது; 2006-இல் தபால்தலையும் வெளியாயிற்று. ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்குப் பின் மானத்துக்காகவே எழுந்த மாலுமிகளின் பெயர்களை நம் மாவட்டத்தில் எந்தக் கல்லில் தேடுவது?

அரசியல் தலைவர்களின் வற்புறுத்தலால் பிப்ரவரி 23-இல் மாலுமிகள் பணிந்தனர். பழிவாங்கல் நேராதபடி காங்கிரஸ் இயன்றதைச் செய்யும் என்று வல்லபபாய் படேல் அளித்த வாக்கை நம்பித்தான் அவர்கள் பணிந்தார்கள்; பின்னர் 476 பேர் வேலையிழந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அதனினும் கொடியது அடுத்து நிகழ்ந்தது: 1947-இல் பிறந்த இரு நாடுகளின் கடற்படைகளும் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. அந்நிய ஆட்சி எழுதிய குற்றச்சாட்டைச் சுதந்திர ஆட்சி அப்படியே காப்பாற்றியது மகத்தான அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம். யுத்தத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற சேவை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் இனித் தேவையில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்த ஒருவர், அந்தக் காகிதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் இருந்தால் அதைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

பிற்காலத்தில் நிலைமை சற்றே மாறியது. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1946-ஆம் ஆண்டுக் கடற்படை எழுச்சியை அங்கீகரிக்கப்பட்ட இயக்கங்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டத் தக்கது, அன்று அவமானமாகக் கருதப்பட்ட அதே விடுவிப்புக் குறிப்புதான். ஆதலால், ஆம்பூர் அன்பரே, மும்பைக்கு விண்ணப்பம் எழுதும்போது பாட்டனார் எந்தக் கப்பல்களில் இருந்தார் என்பதை மட்டும் கேட்டு நிறுத்தாமல், விடுவிக்கப்பட்ட தேதியையும் அதற்குக் காட்டப்பட்ட காரணத்தையும் நகலுடன் கேளுங்கள்; பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மறுபடியும் கேளுங்கள்.