வயிற்றுப் புண்ணும் ஒரு நொதியும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

“கேஸ்டிரிக் வந்திருச்சு, ரெண்டு மாத்திரை குடு.” தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டோ? காரம் தின்றதால் வந்தது, பட்டினி கிடந்ததால் வந்தது என்கிறோம். ஆனால் வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. வலி மாத்திரைகள் இன்னொரு காரணம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள்; 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் நாட்டில் இது யாரிடம் அதிகம்? கோ, பராசக்தி ஆகிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியர்களிடமே அதிகம்; மலாய்க்காரர்களிடம் குறைவு. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில், குடும்பத்திற்குள்ளேயே தொற்றுகிறது.

வயிற்று அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கிறது? பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: ஆசிட் ஊற்றினால் பால் உறையும், அமோனியா சேர்த்தால் உறையாது. அமோனியா அமிலத்தை அடக்கிவிடும். இக்கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. நம் வயிற்றில் இயல்பாக ஊறும் யூரியாவை உடைத்து, அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்கிறது.

அந்த வேலியையே குறிவைத்தார்கள் விஞ்ஞானிகள். யூரியேஸின் ஒரு பகுதியைத் தடுப்பு மருந்தாக்கி, முதலில் எலிகளிடம் இத்தகைய மருந்துகளைச் சோதித்தார்கள். பிறகு சீனாவில், தொற்று இல்லாத 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 4,464 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அதை வாய்வழி கொடுத்தார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. முதல் ஆண்டில் தொற்று சுமார் 72 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் பலன் சுமார் 55 விழுக்காடாக இறங்கியது. குறி சரிதான், ஆனால் பலன் நீடிக்க வேண்டும். நம் கிளினிக்குகளுக்கு அம்மருந்து இன்னும் வரவில்லை.

அதுவரை சும்மா இருக்கலாமா? கூடாது! கிருமியைக் காட்டிக்கொடுப்பதும் அதே நொதிதான். யூரியா கலந்த நீரைக் குடித்து மூச்சை ஊதினால் தெரிந்துவிடும். வருடக்கணக்கில் கேஸ்டிரிக் மாத்திரை விழுங்காமல் டாக்டரிடம் பரிசோதனை கேளுங்கள். கிருமி இருந்தால், வழக்கமாக 14 நாள் மருந்து. வலி நின்னுருச்சுன்னு பாதியில் விடாதீர்கள்; மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். மலம் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாணவர்களே, கை கழுவிச் சாப்பிடுங்கள். அறிவியலை ஆசையோடு படியுங்கள். முடியாமல் நிற்கும் இந்த வேலையை முடிக்கும் கைகளில் ஒன்று நம் தோட்டத்துப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.