களையும் பயிரும்

 

கிறித்தவ நெறியில் நன்மையும் தீமையும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பரந்த பொருள், ஆதலின் ஓர் உவமையளவில் நின்று பேச விழைகின்றேன். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கூறிய கோதுமை, களை உவமையே அது.

ஒருவன் தன் நிலத்தில் நல்ல விதை விதைத்தான். ஊர் உறங்குகையில் பகைவன் வந்து, கோதுமைக்கு இடையே களையை விதைத்துச் சென்றான். கதிர் விட்டபோதுதான் களை தெரிந்தது. “பறித்து எறியட்டுமா?” என வேலையாட்கள் கேட்டனர். “வேண்டா; களையைப் பறிக்கையில் கோதுமையும் உடன் வந்துவிடும். அறுவடை வரை இரண்டும் வளரட்டும்” என்றான் தலைவன்.

இஃது எந்தக் களை? மூலமொழியாகிய கிரேக்கத்தில் ‘சிசானியா’ என்று உள்ளது. கோதுமை வயல்களில் வளரும் ஒரு நச்சுப்புல் அது என்பர் அறிஞர். இளமையில் கோதுமையினின்று பிரித்தறிய இயலாது. கதிர் முற்றினால்தான் வேற்றுமை புலனாகும். அதன் மணி மாவில் கலந்தால் உண்டவர்க்குத் தலை சுற்றும். பிறர் நிலத்தில் அதனை விதைப்போரைப் பற்றி உரோமச் சட்ட நூலும் பேசுகின்றது. எனவே இயேசு கூறியது உழவர் கண்டறிந்த கேடேயன்றி வெறுங்கற்பனையன்று.

இங்கே தமிழ் உள்ளம் ஒரு தடை எழுப்பும். கொலையிற் கொடியாரை வேந்தன் ஒறுத்தல் பயிரில் களை எடுப்பது போன்றது என்று 550ஆம் குறளில் நம் வள்ளுவர் கூறியுள்ளாரே! ஒருவர் ‘களை எடு’ என்கிறார். மற்றவர் ‘எடாதே’ என்கிறார். முரணா? அன்று. வள்ளுவர் பேசுவது செங்கோன்மை. செய்த கொலைக்கு வேந்தன் தரும் தண்டம். நற்செய்தி பேசுவது, ஒரு மனிதனை முழுமையாகத் ‘தீயவன்’ என்று முடிவுகட்டி வேரோடு களையும் உரிமை. செயலுக்குத் தண்டம் உண்டு. ஆளுக்கு இறுதித் தீர்ப்பு எழுத மனிதனுக்கு உரிமை இல்லை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஜான் கிறிசோஸ்தோமும் இவ்வுவமைக்கு உரை காண்கையில், தவறான கொள்கையினரைக் கட்டுப்படுத்தலாம், கொல்லலாகாது என்றே பொருள் கொண்டார்.

ஆயினும் இவ்வுவமையை ஓதிய திருச்சபையே அதனை மறந்தது என்பதை மறைக்கலாகாது. தூயோர் மட்டுமே திருச்சபை என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் வாதிட்டபோது, நல்லோரும் தீயோரும் கலந்திருப்பதே இவ்வுலகத் திருச்சபை என்று அகுஸ்தினார் இவ்வுவமையைக் காட்டியே மறுத்தார். எவரையும் வற்புறுத்தலாகாது என்று முதலில் எண்ணிய அவரே, 408ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதத்தில் அரச வற்புறுத்தலை ஏற்றார். பின்வந்த நூற்றாண்டுகளில், கோதுமைக்குச் சேதமில்லையெனில் களையைப் பறிக்கலாம் என்று விளக்கமும் பிறந்தது. 1553இல் ஜெனீவாவில் மைக்கேல் செர்வேட்டஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். எரித்தவர்களும் நற்செய்தியைக் கையில் வைத்திருந்தவர்களே!

மறுகுரலும் எழுந்தது. அடுத்த ஆண்டே செபாஸ்டியன் காஸ்தெல்லியோ அக்கொலைநெறியை எதிர்த்து நூல் வெளியிட்டார். 1644இல் ரோஜர் வில்லியம்ஸ், ‘நிலம் என்பது உலகம்’ என இயேசுவே விளக்கியதை எடுத்துக்காட்டி, சமயத்தின் பெயரால் அரசு வாளெடுக்கலாகாது என்றார். அதே ஆண்டில் கவிஞர் மில்டன், நூல்களுக்கு முன்தணிக்கை கூடாதென வாதிட்டபோது, நன்மையும் தீமையும் பிரித்தறிய அரிதாய்ப் பின்னி வளர்வதையே காரணமாகக் காட்டினார். அவர்கூடக் கத்தோலிக்கர்க்கு அவ்வுரிமையை வழங்கவில்லை. உவமையை உணர்ந்தவர்க்கும் ஒரு சிலரைக் களையென ஒதுக்கும் ஆசை எஞ்சியே நின்றது!

அப்படியாயின் தீமைக்குப் பணிந்து போவதா? இல்லை. அறுவடை உண்டு என்று உவமை உறுதி கூறுகின்றது. தீர்ப்பு நீக்கப்படவில்லை, நம் கையினின்று எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. களையைக் களையென்று அறிவது வேறு. அரிவாளை நாமே ஏந்துவது வேறு.

பாவலர்களே! இவ்வவையில் முதற்கவிதை படிக்க நடுங்கும் கையோடு நின்ற இளைஞர் எத்தனையோ பேர். தளிரைக் கண்டே களையென்று நாம் சொல்லியிருந்தால் இன்று கதிர் ஏது? நம் பேனாவும் சிலவேளை வேலையாட்களின் அவசரக் கையாகிவிடுகின்றது. தீமையை அஞ்சாது பாடுவோம். மனிதனைப் பறித்து எறியும் பாட்டை மட்டும் பாடாதிருப்போம். ஏனெனில் நம் நெஞ்சமும் இரண்டும் வளரும் வயலே. நமக்கும் அறுவடை வரை தவணை தரப்பட்டிருக்கிறது.