இரவல் நீரில் ஓடும் ஆறு

(தில்லி லக்ஷ்மிபாய் நகரில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலுள்ள தில்லி ஹாட் சந்தைக்கு வந்து செல்வோரில் பலர், தங்கள் காலடியில் ஒரு நீரோடை இருப்பதை அறியமாட்டார்கள். ஓடையை மூடித் தளமிட்டு, அதன்மீதுதான் 1994ஆம் ஆண்டு அந்தச் சந்தை அமைக்கப்பட்டது. ஆரவல்லி மலைத்தொடரின் வால்பகுதியான ‘ரிட்ஜ்’ குன்றுகளில் பிறந்து, தென் தில்லியைக் கடந்து யமுனையில் சேரும் இத்தகைய ஓடைகள் இன்று சாக்கடைகளாகச் சுருங்கிவிட்டன.

இதே மலைத்தொடர் தெற்கே ஃபரிதாபாத்துக்குள் நீள்கிறது. அங்கு கல்லுக்காகவும் மணலுக்காகவும் குன்றுகள் தோண்டப்பட்டன. ஒரு காலத்தில் தில்லி மக்கள் படகு விடச் சென்ற பட்கல் ஏரி வறண்டு, புல் முளைத்த மைதானமாயிற்று. 2002இலும் 2009இலும் உச்சநீதிமன்றம் அப்பகுதிச் சுரங்கங்களுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. ராஜஸ்தான் பகுதியில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 128 குன்றுகளில் 31 குன்றுகள் காணாமற்போய்விட்டன என்ற விவரம் 2018இல் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. குன்றுகளைத் தோண்டியவர்கள் ஏரியைத் தொடவில்லை. ஏரிக்கு நீர் வரும் வழியையும், மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழியையும் அழித்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

பட்கல் ஏரி வறண்டதை எவராலும் கண்ணால் காண முடிந்தது. ஆனால் சுரங்கம் ஓர் ஆற்றை அழிக்கும்போது, அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டும் இருக்கலாம். அந்நிலை இன்னும் ஆபத்தானது. அதற்கு உதாரணம் தமிழ்நாட்டிலேயே, கடலூர் மாவட்டத்தின் பரவனாற்றில் உள்ளது.

நிலத்தடியில் நடப்பது என்ன?

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் பொதுத்துறையில் தொடங்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். இன்று நெய்வேலியில் மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள் உள்ளன. அவற்றின் ஆண்டு உற்பத்தித் திறன் முதல் சுரங்கத்தில் 105 லட்சம் டன், சுரங்கம் 1ஏ-யில் 30 லட்சம் டன், இரண்டாம் சுரங்கத்தில் 150 லட்சம் டன் என இருந்தது.

இந்தச் சுரங்கத்தின் தனித்தன்மை நிலக்கரியில் இல்லை. அதன் அடியில் இருக்கும் நீரில் உள்ளது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மிகுந்த அழுத்தத்துடன் அடைபட்ட ஒரு பெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள ஒரு நீர்த்தம்பத்தின் எடைக்கு இது சமம். கடலூர் மாவட்டத்தில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டுப் பாய்ந்த ஆர்ட்டீசியன் கிணறுகளை முதியவர்கள் நினைவுகூர்வார்கள். அக்கிணறுகளை ஊற வைத்தது இதே அழுத்தம்தான்.

மேலிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் இந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். எனவே இரவும் பகலும் ஆழ்குழாய்கள் வழியே நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தால் மட்டுமே நிலக்கரி வெட்ட முடியும். ஒரு நாளும் நிறுத்த முடியாத வேலை இது.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவதாக, இறைக்கும் இடத்தைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவில் சரிகிறது. அக்கம்பக்கக் கிராமங்களின் கிணறுகள் ஆழத்துக்குப் போகின்றன. இரண்டாவதாக, மழை இல்லாத மாதங்களில் நிலத்தடியிலிருந்து கசிந்து ஆற்றைக் காத்துவந்த ஊற்று நின்றுவிடுகிறது. நிலத்திடமிருந்து நீர் பெற்ற ஆறு, நிலத்துக்கு நீரை இழக்கும் ஆறாக மாறுகிறது. மூன்றாவதாக, மழைநீரை உறிஞ்சி உள்ளே அனுப்பிய மேட்டு நிலமும் அதன் ஓடைகளும் அகழப்பட்டு, மண் மலைகளாகக் குவிக்கப்படுகின்றன. அம்மண் மழையில் கரைந்து வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் படிகிறது.

கொடுப்பது போல் எடுத்தல்

ஆனால் பரவனாற்றில் தண்ணீர் ஓடுகிறதே என்ற கேள்வி எழும். ஆம், ஓடுகிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் ஆற்றிலும் வாய்க்கால்களிலும் விடப்படுகிறது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் வழியாக அது வயல்களுக்குச் செல்கிறது. கோடையிலும் இந்நீரை நம்பி நெல் பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உண்மையான பயன்; அதை மறுக்க வேண்டியதில்லை.

எனினும், அந்த நீர் எங்கிருந்து வந்தது? அதே மக்களின் காலடி நிலத்திலிருந்து வந்தது. கிணற்றில் இருந்தவரை அது விவசாயியின் உரிமையாக இருந்தது. குழாய் வழியே வாய்க்காலுக்கு வரும்போது அது நிறுவனத்தின் கொடையாகிவிடுகிறது. உரிமை சலுகையாக மாறும் இந்த இடத்தில்தான் அரசியல் இருக்கிறது. மோட்டார் இயங்கும் நாள்வரை ஆறு ஓடும். நிலக்கரி தீர்ந்து மோட்டார் நிற்கும் நாளில் ஆற்றுக்கு நீர் தருவது யார்? சரிந்துபோன நிலத்தடி நீர்மட்டம் பழைய நிலைக்கு உயரப் பல பத்தாண்டுகள் ஆகும். பரவனாறு இன்று இரவல் நீரில் ஓடுகிறது. அந்த இரவலைத் திருப்பிச் செலுத்தப்போவது அடுத்த தலைமுறை.

இது கற்பனை அச்சம் அல்ல. ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் நூறாண்டுக்கும் மேலாகப் பழுப்பு நிலக்கரி வெட்டப்படுகிறது. அங்கு பாயும் ஸ்ப்ரே ஆறுதான் தலைநகர் பெர்லினின் குடிநீருக்கு ஆதாரங்களில் ஒன்று. அந்த ஆற்றின் நீரில் ஏறக்குறைய பாதி சுரங்கத்திலிருந்து இறைக்கப்பட்டதே என்றும், வறண்ட கோடை மாதங்களில் அது முக்கால் பங்கையும் எட்டக்கூடும் என்றும் ஜெர்மானியக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் எச்சரித்தது. 2038க்குள் நிலக்கரியைக் கைவிடச் சட்டம் இயற்றிய அந்நாடு, ஆற்றுக்கு வேறு நீர் எங்கே என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறது. சுரங்க மண்ணிலிருந்து கசியும் இரும்பால் ஸ்ப்ரே ஆறு பல இடங்களில் பழுப்பு நிறமாகவும் மாறியுள்ளது. பணமும் தொழில்நுட்பமும் மிகுந்த நாட்டின் நிலை இதுவென்றால், முன்கூட்டியே திட்டமிடாத இடத்தில் என்ன நேரும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

வளையமாதேவியின் பாடம்

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நிகழ்ந்தது தோழர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் சுரங்கம் முன்னேறுவதற்காகப் பரவனாற்றுக்கு 12 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தர மாற்றுப்பாதை வெட்டப்பட்டது. எஞ்சியிருந்த ஒன்றரை கிலோமீட்டருக்காக, கதிர் முற்றும் நிலையில் இருந்த நெற்பயிரின் மீது மண் அள்ளும் இயந்திரங்கள் ஏறின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டது கிராமம். பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பயிருக்கு விலை நிர்ணயிக்கப்பட்டது. ஆற்றுக்கு எவரும் கணக்குக் கேட்கவில்லை. இயற்கையான ஆறு வளைந்து செல்லும். கரைகளில் பரவி வெள்ளத்தைத் தணிக்கும். மணலில் நீரைச் சேமிக்கும். நேராக வெட்டிய வாய்க்கால் நீரைக் கடத்துவதற்கு மட்டுமே பயன்படும். மாமழையில் சுரங்கக் குழிக்குள் சேரும் வெள்ளமும் வெளியே இறைக்கப்பட்டு இதே வடிகால்களில் சேர்கிறது. கோடையில் இரவல் நீர், மழைக்காலத்தில் கூடுதல் வெள்ளம் என்ற இரட்டைச் சுமையைக் கீழ்ப்பகுதிக் கிராமங்கள் தாங்குகின்றன.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் மற்றொரு நிகழ்வும் நடந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. காவிரிப் பாசனப் பகுதியை வேளாண் மண்டலமாகப் பாதுகாக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே இது செய்யப்பட்டது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் அப்பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மக்கள் ஒன்றுபட்டு நின்றால் முடிவுகள் மாறும் என்பதற்கு இது சான்று.

தொழிலாளியும் விவசாயியும்

இப்பிரச்சனையில் இரண்டு தவறான நிலைபாடுகள் உள்ளன. மின்சாரம் வேண்டுமென்றால் ஆற்றையும் கிராமத்தையும் இழக்கத்தான் வேண்டும் என்பது ஒன்று. சுரங்கத்தை இன்றே மூடிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது விவசாயியைக் கைவிடுகிறது. இரண்டாவது பல்லாயிரம் நிரந்தர, ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைக் கருதவில்லை. 2006இலும் 2013இலும் நெய்வேலிப் பங்குகளை விற்கும் முயற்சியை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள், அந்நிறுவனத்தைப் பொதுச் சொத்தாகக் காக்கப் போராடியவர்கள். தனியாரின் கையில் சுரங்கம் சென்றால் ஆற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் பறிபோகும். பொதுத்துறை என்பதால்தான் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

எனவே எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை:

இறைக்கப்படும் நீர், ஆற்றில் விடப்படும் நீர், சுற்றுக் கிராமக் கிணறுகளின் நீர்மட்டம் ஆகியவற்றை மாதந்தோறும் கிராமவாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும்.

ஒவ்வொரு சுரங்கத்தையும் தனித்தனியே மதிப்பிடுவதை விடுத்து, பரவனாற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாக ஆய்வு செய்த பின்னரே விரிவாக்கம் குறித்து முடிவெடுக்க வேண்டும்.

நிலம் கொடுத்தவருக்கு உரிய இழப்பீடும் வேலையும், கிணறு வற்றியவருக்கு நிவாரணமும், ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பணி நிரந்தரமும் வழங்க வேண்டும்.

இறைப்பு நிற்கும் நாளில் வாலாஜா, பெருமாள் ஏரிகளுக்கு நீர் எவ்வாறு கிடைக்கும் என்பதற்கான திட்டத்தையும் நிதியையும் இப்போதே ஒதுக்க வேண்டும்.

தோழர்களே! சுரங்கம் குறித்த கோப்புகள் நகர்வது இந்தத் தில்லியில். கிணறுகள் வற்றுவது கடலூரில். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரமே அதிகாரத்துக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. நாடாளுமன்றக் கேள்வியாகவும், தகவல் உரிமை மனுவாகவும், ஆர்ப்பாட்டமாகவும் கடலூரின் குரலை இந்நகருக்குக் கொண்டுவருவது இங்குள்ள தமிழ்த் தோழர்களின் கடமை. நிலத்தடி நீர் மக்களின் சொத்து. அதற்கு முழுக் கணக்குக் கிடைக்கும்வரை இந்தப் போராட்டம் ஓயலாகாது.