தாராபுரம் நமக்குச் சொல்லும் பாடம்

(மனித உரிமைகள் தினத்தையொட்டித் தோட்ட வாசிகசாலையில் ஆற்றிய உரை)



டிசம்பர் 10 ஆம் திகதி வந்தால் மனித உரிமை பற்றி யாராவது பேசுவார்கள். நாம் கேட்போம், கைதட்டுவோம், லயத்துக்குப் போய்விடுவோம். ஐக்கிய நாடுகள் சபை, சமாதானம், சாசனம் எல்லாம் ஜெனீவாவில் பெரிய ஆட்கள் பேசுகிற விஷயம், கொழுந்து எடுக்கிற நமக்கு அதில் என்ன இருக்கு என்ற நினைப்பு. அதனால் இன்றைக்கு ஜெனீவாவை விட்டுவிட்டு, மன்னார்த் தீவில் இருக்கிற தாராபுரம் என்ற ஊரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

மடுமாதா திருவிழாவுக்கு ஒரு தடவை பஸ் பிடித்துப் போனோம். திருவிழா முடிந்து, தலைமன்னார்த் துறையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். வழியில் தாராபுரத்தில் தண்ணீருக்காக நிறுத்தினோம். அது முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். வயதான ஓர் அம்மா வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். மலையகத்திலிருந்து வருகிறோம் என்றதும், "உங்க சனங்க கோச்சியில அழுதுகொண்டு போனதை நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன் மகன். பின்னால எங்களுக்கும் அந்தக் கெதிதான் வந்தது" என்றார். நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டோம்.

அவர் சொன்னது எது தெரியுமா? நம் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்களே, அதுதான். 1948 நவம்பரில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10 ஆம் திகதி பாரிஸ் நகரில் ஐ.நா. சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கும் உரிமை உண்டு என்று அதன் 15 ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கடதாசி லயத்து வாசலுக்கு வரவில்லை. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் மன்னார்த் தீவைக் கடந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்.

இனி அந்த அம்மாவின் கதை. 1990 ஜூன் மாதம் யுத்தம் திரும்ப மூண்டது. ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள், வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சில நாட்களுக்குள் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவு மக்களுக்குக் கடல்தான் வழி. கொஞ்சம் உடுதுணி, கொஞ்சம் காசு, கையில் பிள்ளைகள், வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வருஷக்கணக்காக இருந்தார்கள். விரட்டியவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், விரட்டப்பட்டவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். இதை நாம் மறைக்கக்கூடாது. 58, 77, 83 என்று அடிபட்டு வன்னிக்கும் மன்னாருக்கும் ஓடியவர்கள் நம்மிலும் உண்டு. அடிபட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரிய வேணும்.

அப்போது உலகம் எங்கே போயிருந்தது என்று கேட்பீர்கள். உலகம் மன்னாரில்தான் இருந்தது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகர் அலுவலகம் 1987 முதல் இலங்கையில் வேலை செய்தது. 1990 யுத்தத்துக்குப் பிறகு மடுவிலும், தாராபுரத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. யாரும் வரலாம், போகலாம், உள்ளே ஆயுதம் வரக்கூடாது. இரண்டு தரப்பும் அதை ஏற்றுக்கொண்டபடியால் ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினார்கள். ஆனால் அந்த ஏற்பாடு எப்போதும் நிற்கவில்லை. 1999 நவம்பரில் மடுக் கோயிலில் ஷெல் விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்த 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தாராபுரத்து மக்களின் வெளியேற்றத்தையும் உலகத்தால் தடுக்க முடியவில்லை. வெளியிலிருந்து வருகிறவர் குடை பிடிக்கலாம். மழையை நிறுத்த உள்ளே இருக்கிறவர்களுக்கு மனசு வேண்டும்.

அப்படியென்றால் உலகச் சட்டம் வீணா? வீண் இல்லை. சூடான் நாட்டவரான பிரான்சிஸ் டெங், ஐ.நா. செயலாளர் நாயகத்தின் பிரதிநிதியாக 1993 இல் இலங்கைக்கு வந்து இடம்பெயர்ந்தோர் நிலைமையைப் பார்த்தார். அவர் தலைமையில் உருவான வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998 இல் ஐ.நா.வில் வைக்கப்பட்டன. காரணமில்லாமல் யாரையும் வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது, எழுப்பப்பட்டவர் விரும்பினால் மானத்தோடு திரும்பலாம், இழந்த காணியைக் கேட்கலாம் என்று அவை சொல்கின்றன. 2002 இல் நோர்வே நாடு நடுவில் நின்று யுத்தநிறுத்தம் செய்தது. கொஞ்சப் பேர் ஊரை எட்டிப் பார்த்தார்கள். ஆனால் பேச்சு மேசையில் முஸ்லிம் மக்களுக்கு எனத் தனித் தரப்பு இருக்கவில்லை. மேசையில் இடமில்லாதவன் பங்கு கடைசியில்தான் வரும். 2009 இல் யுத்தம் முடிந்தபோதும் புதிதாக இடம்பெயர்ந்தவர்களுக்கே உதவி முதலில் போனது, பழைய ஆட்கள் பின்னால் நின்றார்கள். 20 வருஷம் கழித்து வந்தவர்கள் கண்டது காடு பிடித்த வளவுதான். ஒரு குடும்பம் மூன்று குடும்பமாகப் பெருகியிருந்தது. இன்னும் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

"என்ன வச்சு உங்கட வளவைத் திரும்ப எடுத்தீங்க அம்மா?" என்று கேட்டோம். "உறுதிக் கடதாசியை அவர் சாரத்து மடிப்புல கட்டிக்கொண்டு வந்தார் மகன்" என்றார். பக்கத்து வளவுக்காரருக்குக் கடதாசி இல்லையாம், அவர் இன்னும் கந்தோர் ஏறி இறங்குகிறாராம்.

இதையே நம் தோட்டங்களிலும் கண்டோம். 2003 இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அதே ஐ.நா. அகதிகள் அலுவலகம் துணை நின்று, 10 நாட்களில் 1,90,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் எழுதிப் பிரஜை ஆனார்கள். 1948 இல் பாரிஸில் எழுதியது 55 வருஷம் கழித்து நம் வாசலுக்கு வந்தது. தானாக வரவில்லை. தொழிற்சங்கமும் நம் பெரியவர்களும் விடாமல் கேட்டதால் வந்தது.

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறோம். பிள்ளை பிறந்தால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் ஒரே பையில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது, அநியாயம் நடந்தால் வாய் மூடி இருக்காதீர்கள். 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. கடைத்தெருவில் யாராவது, "இந்தச் சாதிக்காரனை, இந்த மதக்காரனை விரட்ட வேணும்" என்று பேசினால் தலையாட்டாதீர்கள். அது எந்தப் பக்கத்துப் பேச்சானாலும் சரி. அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஒப்பாரிக் கோச்சியும், தாராபுரத்து வள்ளமும் சாட்சி.

நாங்கள் புறப்பட்டபோது அந்த அம்மா பஸ் வரைக்கும் வந்து, "உங்கட பிள்ளைகளையும் கூட்டி வாங்க, இது உங்களுக்கும் தெரிஞ்ச ஊருதானே" என்றார். அடுத்த திருவிழாவுக்குப் போகிறவர்கள் தாராபுரத்தில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.