முப்புரி

பேரணாம்பட்டு டேனரிகளில் குரோம் ஏற்றிய தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் தோல் தேறிவிட்டது. பச்சைத் தோலோ ஏறக்குறைய 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும்.

காரணத்தை வேதியியல் சமன்பாடாக எழுதினால் கேட்பவர் கொட்டாவி விடுவார். கயிறு திரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அதனால்தான் கயிறு பிரிவதில்லை. தோலில் உள்ள கொலாஜன் புரதமும் அப்படியே. தனித்தனியே இடமாக முறுகிய மூன்று இழைகள், ஒன்றுசேர்ந்து வலமாக முறுகியிருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் இதைச் சொன்னார்கள். ஆய்வுக்குக் கங்காரு வால் தசைநாண் தந்தது நம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்தான்!

வெந்நீரில் புரிகள் அவிழ்கின்றன, தோல் சுருங்குகிறது. குரோம் உள்ளே புகுந்து அவற்றைக் குறுக்கே கட்டிப்போடுகிறது.

ஆனால் உவமையை ரொம்பவும் இழுக்கக் கூடாது. கயிற்றின் புரிகளைப் பிடித்துவைப்பது உராய்வு. கொலாஜனில் அந்த வேலையைச் செய்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். சூடு குலைப்பது அவற்றைத்தான்.