கற்பிக்கத் திரும்பியவர்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும்போது பண்டாரவளையைக் கடந்ததும் தியத்தலாவை வரும். இராணுவமும் விமானப்படையும் ஆட்களைப் பயிற்றுவிக்கும் ஊர். சிறுமிகளாக ஜன்னலால் எட்டிப் பார்த்த எங்களுக்கு அந்தப் பயிற்சியின் பெறுமதி அன்று விளங்கவில்லை. இன்று போர் விமானிகளைப் பற்றிச் சற்றுப் பேசப் போகிறோம். போரைப் புகழ அல்ல, நம் பாடசாலைக்கு அதில் ஒரு பாடம் இருப்பதால்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுபாதையிலிருந்தும் பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்து எழுந்தன. பல வீழ்ந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டது. வந்த விமானிகள் நீண்டகாலம் பயின்றவர்கள். பேர்ள் துறைமுகத் தாக்குதலில் அனுபவம் பெற்றவர்கள்.

இரண்டே ஆண்டுகளில் நிலை தலைகீழானது. 1944 ஜூனில் பிலிப்பைன் கடற்சமரில் ஒரே நாளில் ஜப்பான் 200க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பயிற்சி போதாத இளைஞர்கள்.

காரணம் என்ன? ஜப்பான் தன் சிறந்த விமானிகளைப் போர்முனையிலேயே வைத்திருந்தது. அவர்கள் மடிந்தபோது அவர்கள் கற்றதும் கூடவே போயிற்று. எரிபொருள் தட்டுப்பாட்டால் புதியவர்களின் பறப்புப் பயிற்சியும் குறைந்தது. அமெரிக்கக் கடற்படையோ, மிட்வே சமரில் போரிட்ட ஜோன் தாச் போன்றவர்களைப் போர்முனையிலிருந்து எடுத்துப் புதியவர்களுக்குக் கற்பிக்க அனுப்பியது. கனடாவில் பொதுநலவாய நாடுகளின் கூட்டுத் திட்டத்தில் 130,000க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் பயிற்சி பெற்றனர். விமானத்தைத் தொழிற்சாலை விரைவில் செய்து தரும். விமானியை உருவாக்க இன்னொரு தேர்ந்த விமானிதான் வேண்டும்.

சகோதரிகளே, நாங்கள் உயர்தரம் படித்தபோது பல மாதங்கள் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஓர் அக்கா, சனிக்கிழமைகளில் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து கற்பித்தார். நாங்கள் இன்று வைத்தியர்களாக நிற்பது அந்தச் சனிக்கிழமைகளால்தான். சித்தியடைந்த நாங்கள் என்ன செய்தோம்? புறப்பட்டுப் போனோம். கொழும்பிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் நன்றாக இருக்கிறோம். அந்த அக்கா செய்ததை நாங்கள் செய்யவில்லை. பசறை, மடுல்சீமை, ஹாலிஎலத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க இன்றும் ஆட்கள் போதாது.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்துக்குப் பணம் தருகிறோம், நல்லது. அதோடு ஒரு தவணைக்கு, வாரம் ஒரு மணித்தியாலமும் தருவோம். தூரத்தில் இருப்பவர்கள் இணையவழியாகக் கற்பிக்கலாம். எங்கள் வகுப்பில் வைத்தியரானவர்கள் அடுத்த தவணையிலிருந்து உயிரியலையும் இரசாயனவியலையும் பொறுப்பேற்கிறோம். பௌதிகவியலும் இணைந்த கணிதமும் மீதி இருக்கின்றன. பெயர் தருவோர் வீடு திரும்புமுன் சங்கச் செயலாளரைச் சந்தியுங்கள்.